செத்தவீட்டு அண்ணையின் ஓய்வு நாள்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எப்பேர்ப்பட்ட நோயையும் மருந்தில்லாமல் குணப்படுத்தக்கூடியவர் ஒருவர் இருந்தாரென்றால், அது எங்கள் செத்தவீட்டு அண்ணைதான். அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து நின்றால் போதும், படுத்திருக்கிறவன் பதறி எழும்பி, "எனக்கு ஒண்டுமில்லை, நான் வீட்டை போறன்" என்று சப்பாத்தைத் தேடத் தொடங்கிவிடுவான்.

எண்பதுகளின் கடைசியில் அவரும் நானும் சிவமும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். அண்ணைக்குப் பெற்றோல் ஷெட்டில் வேலை. ஆனால் லண்டனில் எந்த மூலையில் ஒரு தமிழன் கண்ணை மூடினாலும் அங்கே முதலில் நிற்பவர் அவர்தான். கோட் பொக்கற்றில் எந்நேரமும் ஒரு கறுப்பு டை. ஹரோவில் ஒரு கலியாணத்துக்கும் அதைக் கட்டிக்கொண்டு போய், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "மனசைத் தளரவிடாதையும் தம்பி" என்றாரே பார்க்கலாம்! பழக்கதோஷம். பொம்பிளை வீட்டார் அதற்குப் பிறகு அவரோடு பேசவேயில்லை.

சம்பிரதாயத்தில் ஆள் மகா கண்டிப்பு. செத்தவீட்டிலிருந்து வெளிக்கிடும்போது "போயிட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது, பேசாமல் எழும்பிப் போக வேண்டும் அல்லவா? மோர்டனில் ஒரு செத்தவீட்டில் நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வீடு வந்து சேரும்வரை ரயிலில் ஒரே ஏச்சுத்தான்.

அப்படிப்பட்ட மனுசனின் தாய் யாழ்ப்பாணத்தில் செத்துப்போனார். அண்ணையின் அகதி விண்ணப்பம் முடிவாகவில்லை. போனால் திரும்பி வர ஏலாது. ஊரிலுள்ள செத்தவீடெல்லாம் ஓடியவருக்குப் பெற்ற தாயின் செத்தவீட்டுக்குப் போகக் கிடைக்கவில்லை. அவர் அழவுமில்லை. ஷிப்டுக்குப் போவார், வருவார், சோற்றைக் குழைத்துவிட்டுக் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைப்பார். இப்படியே விட்டால் ஆளை இழந்துவிடுவோமென்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"தமிழரே இல்லாத ஊராப் பாத்து ஒரு நாள் ஆறுதலாக் கூட்டிக்கொண்டு போவம். அங்க ஆர் சாகப்போறான்?" என்றான் சிவம்.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயிலேறி, சஃபோக் பக்கம் ஒரு பழைய சந்தை ஊரில் இறங்கினோம். அன்றைக்குச் சந்தை நாள். தெருவின் இரு பக்கமும் பல நூறு வருசத்து மரவீடுகள் சரிந்து நின்றன. "எப்ப விழுமோ" என்று அண்ணை நடுரோட்டாலேயே நடந்தார். சீஸ் விற்ற பெண் ஒரு துண்டு சுவை பார்க்கக் கொடுத்தாள். அண்ணை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, சிரிப்பே இல்லாமல், "இது எப்ப செத்தது?" என்று என்னிடம் கேட்டார். பழைய அண்ணை திரும்பி வருகிறார் என்று எனக்குச் சந்தோசம். தெருவோர வாங்கில் குந்திக்கொண்டு புட்டுப் பார்சலை அவிழ்த்தோம்.

அந்த நேரம் பார்த்துத் தேவாலய மணி அடித்தது. சவப்பெட்டி ஏற்றிய கறுப்புக் கார் ஒன்று ஊர்ந்து வந்தது. அண்ணையின் கை தானாகப் பொக்கற்றுக்குள் போனது.

"அண்ணை, வேண்டாம்! ஆரெண்டே தெரியாது. எங்களுக்கு ஆர் சொன்னது?" சிவம் கிட்டத்தட்ட அழுதான்.

"கலியாணத்துக்குத்தான் சொல்லோணும். செத்தவீட்டைக் கண்டிட்டு விலத்திப் போறதே? எழும்புங்கோடா!"

உள்ளே பாதிரியாரையும் பெட்டியையும் விட்டால் நாலே பேர். அண்ணை நேரே முன்வரிசைக்குப் போய் இருந்துவிட்டார். எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்ததும், ஒரு வெள்ளைக்காரக் கிழவி எங்களிடம் வந்து, செத்துப்போன தன் அக்காவை எப்படித் தெரியுமென்று கேட்டார். அண்ணை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தெரியாது என்றும், தன் தாயின் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை என்றும் உள்ளதைச் சொன்னார். கிழவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அக்காவின் ஒரே மகன் ஆஸ்திரேலியாவிலாம். அவனாலும் வர முடியவில்லையாம்.

அண்ணை எங்கள் பக்கம் திரும்பினார். "அப்ப எங்கட அம்மாவுக்கும் ஆரோ ஒரு தெரியாதவன் வந்து நிண்டிருப்பான், என்னடா?"

"ஓம் அண்ணை. கட்டாயம் நிண்டிருப்பான்" என்றேன்.

அவ்வளவுதான். "என்ரை அம்மா!" என்று ஒரு குரல் வைத்தார் பாருங்கள், கூரைப் புறாக்களெல்லாம் எழும்பிப் பறந்தன. பாதிரியார் திகைத்துப்போனார். கிழவியும் சேர்ந்து அழுதார். நாங்கள் மட்டும் என்ன கல்லா?

பிறகு வழக்கப்படி பேசாமல் வெளிக்கிட்டோம். தேவாலயத்து வெளிப்படலை வரைக்கும் வந்த அண்ணை திரும்பிப் பார்த்தார். மற்றவர்கள் போய்விட, கிழவி வாசலில் தனியே நின்றார். அண்ணை விறுவிறென்று திரும்பிப் போய்க் கைகூப்பினார்.

"போயிட்டு வாறன், அம்மா."

"அண்ணை, செத்தவீட்டில சொல்லக்கூடாதெண்டு..." என்று தொடங்கினான் சிவம்.

"வாயைப் பொத்தடா. அதுக்காகத் தனிச்சு நிக்கிற மனுசியை அப்பிடியே விட்டிட்டு வாறதே?"

ரயிலில் ஏறியதும் புட்டுப் பார்சலைக் கேட்டு வாங்கி, எங்கள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார். சொன்ன சொல்லுக்காக மாதத்துக்கொருமுறை முறுக்குப் பையோடு அந்தக் கிழவியைப் பார்க்கப் போய்வந்தார். டை மட்டும் அந்த நாட்களில் வீட்டில் தொங்கும். அதைப் பார்த்தாலே எனக்குக் கிலி பிடிக்கும் காலம் ஒன்றிருந்தது. இப்போது, என் முறை வரும்போது அதைக் கட்டிக்கொண்டு அண்ணை முன்வரிசையில் இருக்க வேண்டுமென்று ஆசையாயிருக்கிறது.