சித்தப்பாவுக்கு ஒரு சிவப்பு டிக்

அன்போடு கொஞ்சம் பயமும் கலந்து வணங்கும் என் அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் சௌக்கியமாகவும், உன் முழங்கால் வலி மட்டும் சௌக்கியமில்லாமலும் இருக்க வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது. மொத்தம் மூன்று வரி, அதில் இரண்டு வரி திட்டு. மூன்றாவது வரியில், "வெள்ளிக்கிழமை வரேன். அந்தக் கிழவர் அங்க இருந்தா, இனிமே உனக்கு அக்கா கிடையாது" என்று எழுதியிருந்தாய்.

உன் கோபம் நியாயம்தான். பிறந்த வீட்டில் உனக்கென்று இருப்பது ஒரே ஒரு அறை. ஆசையாக வந்து கதவைத் திறந்தால், முன்பின் தெரியாத ஒரு பெரியவர் உன் முகத்தில் டார்ச் அடித்து, "ஹவுஸ்ஃபுல்மா, அடுத்த ஆட்டத்துக்கு வாங்க" என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அவர் நாற்பது வருடம் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்து இடம் காட்டியவர், பழக்கம் விடவில்லை. சாப்பிட வரும்போது என் மனைவிக்கே டார்ச் அடித்து நாற்காலியைக் காட்டுகிறார். நீயோ ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாய். அவர் யார் என்று சொல்ல எனக்கு வாய்ப்பே தரவில்லை. இப்போது சொல்கிறேன், அடுத்த பஸ் பிடிக்காமல் படி.

நான் ஓய்வு பெற்றதும் நம் வம்சத்தைத் தேடக் கிளம்பினேன் அல்லவா? "மத்தவங்க ரிட்டயர் ஆனா செடி வளர்ப்பாங்க, இவர் செத்தவங்களை எண்ணிட்டு இருக்கார்" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். முப்பத்து நான்கு வருடம் கிடங்கில் சரக்குச் சரிபார்த்தவனுக்கு வேறு என்ன தெரியும்? பரணில் ஒரு தகரப் பெட்டி கிடந்தது. அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் 17 என்று எழுதியிருந்தது. நம் வீட்டு எண்ணும் 17. கிடங்கில் பெட்டியின் எண்ணும் அடுக்கின் எண்ணும் ஒன்றாக இருந்தால் சரக்கு நம்முடையது, அவ்வளவுதான். சிவப்புப் பென்சிலால் டிக் போட்டேன். டிக் போட்டதை நான் மறுபடி பார்ப்பதில்லை என்பது உனக்கே தெரியும், மறுபடி பார்க்க ஆரம்பித்தால் எந்தக் கிடங்கையும் மூட முடியாது. பெட்டிக்குள் முறுக்கு மீசை வைத்த ஒருவரின் போட்டோவும் ஒரு நோட்டும் இருந்தன. அவர்தான் நம் கொள்ளுத்தாத்தா என்று முடிவு செய்தேன். நோட்டின்படி, ஒரே குதிரையை ஏழு பேருக்கு விற்று, ஏழு பேரிடமும் பாராட்டு வாங்கியவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை, நானும் மீசை வளர்த்தேன். அவர் பரம்பரையே இடதுகைக்காரர்கள் என்று நோட்டில் இருந்ததால் நானும் இடதுகையால் கையெழுத்துப் போட்டுப் பழகினேன், நூலகத்தில் இது உங்கள் கையெழுத்தே இல்லை என்று சொல்லி அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை அக்கா. அந்த வம்சத்து ஆண்கள் அறுபத்துமூன்றாம் வயதில் ஏணியிலிருந்து விழுந்துதான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நம் அப்பா படுக்கையில்தானே போனார் என்பாய். அதை விதிவிலக்கு என்று எழுதி வைத்தேன். எனக்கு வரும் மாதம் அறுபத்துமூன்று. ஏணியைப் பார்த்தாலே தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். ஹால் பல்பு ஃப்யூஸ் போய் நாலு மாதம் ஆகிறது. "பல்பு மாத்த ஒரு ஆம்பள இல்ல இந்த வீட்டுல" என்று என் மனைவி இருட்டில் முட்டிக்கொண்டே புலம்பினாள். சித்தப்பாவின் டார்ச் மட்டும் இல்லையென்றால் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டோம்.

சித்தப்பா என்றால், குதிரை விற்றவரின் பேரன். நோட்டில் இருந்த பெயரை வைத்துப் பதிவு அலுவலகத்தில் தேடித் தேடி, தியேட்டருக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில் அவரைக் கண்டுபிடித்தேன். கதவு திறந்ததும், "சித்தப்பா! நம்ம வீட்டுக்கு வாங்க!" என்று முகவரியைச் சொன்னேன். முகவரியைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் என்று வந்தவர், ஐந்து மாதம் ஆகிவிட்டது.

உன் கடிதம் வந்ததும், அவர் நம் ரத்தம்தான் என்று உனக்கு நிரூபிக்க அந்தப் பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். அந்த 17-ஐத் தடவிப் பார்த்தார்.

"இது நான் எழுதினதுதான். உங்கப்பா வாங்கறதுக்கு முன்னாடி இந்த வீட்ல நாங்க வாடகைக்கு இருந்தோம். குடி வரும்போது சாமான் தொலையாம இருக்க நம்பர் போட்டேன். இது பதினேழாவது சாமான். வண்டிக்காரன் பரண்ல ஏத்திட்டுப் போயிட்டான், காலி பண்ணும்போது ஏணியில ஏறி இறக்க எங்க வீட்ல யாருக்கும் தைரியம் இல்ல."

"அப்ப நீங்க எனக்குச் சித்தப்பா இல்லையா?"

"இல்லப்பா."

"முதல் நாளே ஏன் சொல்லல?"

"நீ சித்தப்பான்னு கூப்பிட்ட. என்னை ஒருத்தர் உறவு சொல்லிக் கூப்பிட்டு இருபது வருஷம் ஆச்சு. உடனே இல்லன்னு சொல்ல வாய் வரல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு அஞ்சு மாசம் ஓடிடுச்சு. அக்கா வர்றதுக்குள்ள கிளம்பிடறேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது அக்கா. என் மனைவி சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை டமால் டமால் என்று வைத்தாள். இருந்தாலும், நம்முடையது இல்லாத சரக்கைத் திருப்பி அனுப்பத்தானே வேண்டும்? அவர் பையைக் கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை உன் அறை உனக்கே. வம்ச மரத்தைக் கிழித்துவிட்டேன், மீசையை எடுத்துவிட்டேன். அந்த ஏணிச் சாவும் நம்முடையது இல்லை என்று ஆகிவிட்டதால், இதை முடித்த கையோடு பல்பு மாற்றப் போகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். நீ உங்கள் இருவர் சார்பிலும் எங்களை ஆசீர்வதித்து, திட்டு பாக்கி இருந்தால் நேரில் கொண்டுவரவும்.

என்றும் உன் சொல் தட்டாத,
தம்பி

பின்குறிப்பு: பல்பு மாற்ற ஏறினேன். விழுந்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மேலேயே விழுந்தேன். எனக்கு ஒரு கீறல் இல்லை, அவருக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. ஆறு வாரம் அசையக் கூடாதாம். உறவே இல்லாமலா ஏணி என்னைத் தள்ளும், நீயே சொல். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'நோயாளி உங்களுக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் மேலே ஓடிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் சித்தப்பா என்று எழுதி, பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டுவிட்டேன். டிக் போட்டதை நான் மறுபடி பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை நீ அவசியம் வா. அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து உன் அறையில் படுக்க வைத்தாயிற்று, உனக்கு ஹாலில் கட்டில் போட்டிருக்கிறேன். பல்பு இன்னும் மாற்றவில்லை. வாசலிலேயே நில், சித்தப்பா படுத்தபடியே டார்ச் அடித்து உனக்கு இடம் காட்டுவார்.