நம்ம ரெண்டு பேருக்குள்ள மட்டும்

சிரிக்க வைக்கிற ஆள் என்று பெயர் எடுத்தவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அவன் நிஜமாகவே நடுங்கினாலும், நடித்துக் காட்டுகிறான் என்றுதான் ஊர் நினைக்கும். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை போய் வம்பிழுக்கும் வகை நான். எழவு வீட்டில்கூட என்னைக் கண்டதும் இரண்டு பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அப்படிப்பட்ட நான், ஐம்பது வயதில், ஒரு பாலத்தைப் பார்த்துப் பயந்துபோனேன்.

பள்ளிபாளையத்திலிருந்து ஈரோட்டுக்குப் போகும் காவிரிப் பாலம்தான் அது. சின்ன வயதிலிருந்து போய்வருகிற பாலம். ஒருநாள் பெயிண்ட் வாங்க காரில் தனியாகப் போனேன். பாதிப் பாலத்தில் நெஞ்சு திடீரென்று ஏர் ஹாரன் மாதிரி அலற ஆரம்பித்தது. உள்ளங்கை ஈரம், மூச்சு பாதி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது. செத்தேன் என்று முடிவு செய்து காரை நட்ட நடுவில் நிறுத்திவிட்டேன். பின்னால் பஸ்காரர்கள் என் பரம்பரையையே விசாரித்தார்கள். என்னாச்சு என்று கேட்டு வந்தவர்களிடம், "கிளச்சு போயிருச்சுங்க" என்றேன். (சாகும்போதும் மானம் முக்கியமல்லவா.) நாலு பேர் சேர்ந்து, ஒரு குறையும் இல்லாத காரைப் பள்ளிபாளையம் வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். அவர்கள் தலை மறைந்ததும் சாவியைத் திருகி ஜம்மென்று வீடு வந்து சேர்ந்தேன்.

அப்புறம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி ஈசிஜி எடுத்தேன். எல்லாரும் இதயம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. கடைசியாகப் பார்த்த டாக்டர்தான், "இது பதட்டம். ஒரு உளவியல் நிபுணரைப் பாருங்க, சரியாயிரும்" என்றார். வீட்டுக்கு வந்து மனைவி சாந்தாமணியிடம் "கேஸ் டிரபிளாம்" என்று சொல்லிவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பெயிண்டை நாமக்கல்லிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் என் மகள் கீர்த்தனா கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையன் ஈரோட்டுக்காரன். கூட வேலை பார்ப்பவன், தங்கமான பையன். அவன் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் போய்ப் பேசி நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. முதல் தடவை காய்ச்சல் என்றேன். அடுத்த தடவை அவசரமாக ஒரு வண்டி டெலிவரி என்றேன். காவிரியைத் தாண்டாமல் ஈரோடு போக வழி இருக்கிறதா என்று ரகசியமாக மேப்பில்கூடத் தேடினேன். இருக்கிறது. குடகு மலையில் காவிரி பிறக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு அந்தக் கரை வழியாக இறங்கி வரவேண்டும்.

மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பையனைப் பிடிக்கவில்லை என்று சாந்தாமணி முடிவே கட்டிவிட்டாள். கீர்த்தனாவோ, நான் அதே ஹாலில் உட்கார்ந்திருக்கும்போதே அம்மாவிடம் சொன்னாள். "புடிக்கலைன்னா அப்பாவை நேராச் சொல்லச் சொல்லுங்கம்மா. எதுக்கு இந்த நாடகம்?" அன்றைக்குத்தான் ஆலோசனைக்கு முன்பதிவு செய்தேன்.

ஆன்லைனில்தான். நாமக்கல்லில் அப்படி ஒரு வாசலில் என் கார் நின்றால், நான் உள்ளே நுழைவதற்குள் சேதி சாந்தாமணியின் சித்தி வீடு வரை போய்விடும். சென்னையில் இருக்கும் ஒரு மேடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பழைய லாரி வாங்கும்போது ஆர்.சி. புக், எஃப்.சி., பர்மிட் எல்லாம் பார்ப்பது மாதிரி, அவருடைய பட்டம், உரிமம், பதிவு எண் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். (சேஸிஸ் நம்பர் மட்டும்தான் கேட்கவில்லை.) மத்தியானம் நேரம் கொடுத்தார்.

எங்கே உட்கார்ந்து பேசுவது? வீட்டில் சாந்தாமணி. மொட்டை மாடியில் பக்கத்து வீட்டு வடகம், அதற்குக் காவலாகப் பக்கத்து வீட்டம்மா. யோசித்துப் பார்த்ததில் பட்டறையில் வேலை முடியும் தறுவாயில் நின்ற புது லாரி கண்ணில் பட்டது. கேபினில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் ஈ காக்கைக்குக் கேட்காது. மாப்பிள்ளை வீட்டுக்கென்று தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். ஃபேன் ஓடட்டும் என்று சாவியைத் திருகினேன்.

அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது. அந்த லாரி ஓனர் பெரிய சவுண்டு செட் வேண்டுமென்று கேட்டிருந்தார். காலையில் அதைச் சோதித்துப் பார்க்க, பெயிண்டர் குமரேசன் என் போனைத்தான் வாங்கி, ப்ளூடூத்தில் செட்டோடு இணைத்துப் பாட்டுப் போட்டான். ஸ்பீக்கர் பெட்டிகளை இன்னும் கேபினில் பொருத்தவில்லை. கதவு இடுக்கு வழியாக ஒயர் போக, அவை லாரிக்கு வெளியே, பட்டறையைப் பார்த்தபடி தரையில் கிடந்தன. நான் மறந்துவிட்டேன். என் போன் மறக்கவில்லை.

திரையில் மேடம் வந்தார். குரல் மட்டும் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. "சத்தம் பத்தலீங்க மேடம்" என்று சொல்லி, சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். உடனே பக்கத்தில் நின்று பேசுவது போலக் கணீரென்று கேட்டது. விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று வியந்தேன்.

"நீங்க இங்க பேசறது எல்லாம் நம்ம ரெண்டு பேருக்குள்ள மட்டும்தான் இருக்கும். தயங்காம சொல்லுங்க" என்றார் மேடம். அதைப் பட்டறை மொத்தமும் கேட்டது.

நான் பேசியது வெளியே கேட்கவில்லை. மேடத்தின் பாதி மட்டும்தான் ஒலிபரப்பானது. வெளியே நடந்ததைக் குமரேசன் இன்றைக்கும் நடித்துக் காட்டுவான். முதலில், "சாகப்போறோம்னு தோணுச்சா?" கொஞ்சம் இடைவெளி. "அப்புறம் காரைத் தள்ளச் சொன்னீங்களா?" இடைவெளி. "நல்லா இருந்த காரையா?" வெல்டிங் நின்றது. சுத்தியல் நின்றது. ஏதோ போலீஸ் அம்மா அண்ணனை விசாரிக்கிறது என்று வெல்டர் பயந்துபோனாராம். உள்ளே இருந்த நானோ, நான் பேசுகிறேன் என்று மரியாதைக்கு வேலையை நிறுத்தியிருக்கிறார்கள் போல என்று நெகிழ்ந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சாந்தாமணி சாப்பாட்டு கேரியரோடு வந்தாள். நான் எங்கே என்று கேட்டதற்குக் குமரேசன் வாயைத் திறக்காமல் பிரஷ்ஷால் பெட்டியைக் காட்டினான். பெட்டி பேசியது. "இதை உங்க மனைவிகிட்ட ஏன் இன்னும் சொல்லல?"

உள்ளே நான் சொன்னேன். எல்லாருக்கும் தைரியம் சொல்கிற ஆள் நான். நானே நடுங்குகிறேன் என்று தெரிந்தால் அவள் யாரைப் பார்த்துத் தைரியமாக இருப்பாள் என்றேன். சொல்லும்போது குரல் உடைந்தது. நல்லவேளை, அது வெளியே கேட்கவில்லை. அதற்கு மேடம் சொன்னது கேட்டது.

"அப்போ உங்களுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கலைன்னு அவங்க நினைச்சிட்டிருக்காங்க. உங்க பொண்ணும் அப்படித்தான் நினைக்கிறா. உண்மை என்னன்னா உங்களால பாலத்தைத் தாண்ட முடியல. சரியா?"

கேபின் கதவு திறந்தது. ஒரு கையில் கேரியர், இன்னொரு கையில் கைப்பிடிக் கம்பி, புடவையோடு லாரியில் ஏறி நின்றாள் என் தர்மபத்தினி.

"ஏனுங்க, பாலத்துக்குப் பயந்துக்கிட்டா மாப்ள ஊட்டுக்கு வரமாட்டேன்னீங்க?"

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து மேடத்தின் குரல் முழங்கியது. "யாரோ வந்திருக்காங்க போல. அவங்க இங்க இருக்கறது உங்களுக்குச் சம்மதமா?"

கீழேயிருந்து குமரேசன் சொன்னான்: "சம்மதம்னு சொல்லுங்கண்ணா."

அப்போதுதான் எட்டிப் பார்த்தேன். பெட்டிகள். பெட்டிகளைச் சுற்றிப் பட்டறை. வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நொடி, பாலம் எதுவும் இல்லாமலேயே, நெஞ்சு ஏர் ஹாரனைப் பிடித்து அமுக்கியது. "வந்துருச்சுங்க மேடம்" என்றேன்.

அவர் பதறவே இல்லை. "பரவாயில்லை, வரட்டும். அதோட சண்டை போட வேண்டாம். ரெண்டு பாதத்தையும் தரையில நல்லா ஊணுங்க. மூச்சை மெதுவா வெளிய விடுங்க. இன்னும் மெதுவா" என்றார். விட்டேன். என் தோளில் கை வைத்திருந்த சாந்தாமணியும் விட்டாள். வெளியே, கட்டிங் மிஷினோடும் பிரஷ்ஷோடும் நின்றிருந்த மொத்தப் பட்டறையும் பாதத்தை ஊன்றி மூச்சை விட்டதாம். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு தானாக அடங்கியது. ஈசிஜி இல்லாமல், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் அது அடங்கியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நான் நடந்ததைச் சொன்னதும் மேடம் சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டார். குமரேசன் ஒயரைப் பிடுங்கினான். பூனை குதித்தாலும் திருடன் வந்த மாதிரி கத்துகிற கார் அலாரம்தான் என் நெஞ்சில் இருப்பது, அதற்குப் பழக்கம்தான் சொல்லித் தரவேண்டும் என்று மேடம் விளக்கினார். எனக்குக் கொடுத்த முதல் வீட்டுப்பாடம், ஹெட்போன் வாங்குவது.

மத்தியானம் பட்டறையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த அந்த லாரியின் டிரைவர், சாயங்காலம் டயரைத் தட்டிப் பார்ப்பது மாதிரி பக்கத்தில் வந்தார். "கொல்லிமலை வளைவுல எனக்கும் இப்படித்தானுங்க வருது. அந்த மேடத்தைப் பாக்க என்ன பண்ணோணும்?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். என்னைப் பார்த்து முதன்முறையாக ஒருவர் சிரிக்காமல் பேசினார். எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டில் கீர்த்தனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. "அவங்க ஊட்டை ஆத்துக்கு இந்தப் பக்கம் நகத்தி வெக்கச் சொல்லட்டுங்களாப்பா?" என்றாள்.

வாராவாரம் மேடத்திடம் பேசினேன், காதில் ஹெட்போனோடு. அவர் சொன்னபடி, நானும் சாந்தாமணியும் முதலில் பாலத்தின் முனை வரை போய் நின்றோம். அப்புறம் கொஞ்ச தூரம் நடந்தோம். ஒரு தடவை பாதியில் திரும்பிவிட்டேன். அதற்கும் பரவாயில்லை என்றார். நாள் குறிக்கப் போன அன்று காரில் சாந்தாமணி பக்கத்தில். நட்ட நடுவில் வந்தது. "வருது" என்றேன். மறைக்காமல் சொன்னேன், அவ்வளவுதான். அவள் உடனே மேடத்தின் சென்னைத் தமிழுக்கு மாறி, "இப்ப உடம்புல எங்க தெரியுது?" என்று கேட்டாள். பின்சீட்டில் கீர்த்தனா சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் பாலம் தாண்டி ஈரோட்டில் இருந்தோம்.

இன்றைக்கும் எங்கள் பட்டறையில் யாராவது ரகசியம் பேச வேண்டுமென்றால், முதலில் குனிந்து பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என் நெஞ்சும் எப்போதாவது ஹாரன் அடிக்கும். அடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். அந்த மேடத்துக்கு எந்தத் தெய்வத்திடம் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாததால், கண்ணில் படுகிற கோயிலில் எல்லாம் ஒரு கும்பிடு போடுகிறேன்.

போன மாதம் மாப்பிள்ளை வந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தினார். "மாமா, எனக்கு லிஃப்டுல ஏறினா ஒரு மாதிரி வருதுங்க. நம்ம ரெண்டு பேருக்குள்ள மட்டும் இருக்கட்டும்."

உள்ளே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அடுத்து அம்மாவும் மகளும் வெடித்துச் சிரித்தார்கள்.

நான் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

"சத்தமாவே சொல்லுங்க மாப்ள. நம்ம ஊட்டுல அதுதான் வழக்கம்."