ஹோமுக்குப் போனது நான் இல்லை

அன்புத் தம்பி தயாளனுக்குப் பெருங்களத்தூரிலிருந்து அக்கா கிளியம்மாள் எழுதிக்கொள்வது. மறைமலை நகரில் நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க கங்கையம்மன் துணை. இங்கே நான் நலம். என் வீட்டிலேயே, என் கட்டிலிலேயே நலம். நேற்று போனில் அழுததை மறந்துவிடு. திங்கட்கிழமை சாயந்திரம் ஆள் கூட்டிவந்து என் பிள்ளை ராஜகோபாலை நாலு கேள்வி கேட்கிறேன் என்றாயே, அது வேண்டாம். இன்று மருமகள் வீட்டில் இருக்கிறாள், போனில் சொன்னால் அவள் காதில் விழும். அதனால் எழுதி, உங்கள் பக்கத்துக் கம்பெனிக்கு வேலைக்கு வரும் கீழ்வீட்டுத் தனக்கோடியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை நான் குளித்துவிட்டு வரும்போது சமையலறையில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள். "வயசாயிடுச்சு. ராத்திரியெல்லாம் சத்தம். யார் வந்தாலும் உர்ருன்னு முறைக்குது" என்றாள் சந்திரிகா. "கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஹோம் கீதாம். நல்லா பாத்துக்குவாங்களாம். ஞாயித்துக்கெழம கார்ல ஏத்திகினு போய் வுட்டுட்டு வந்துடறேன். அதுகிட்ட ஒண்ணும் காட்டிக்காத" என்றான் நான் பெற்ற பிள்ளை. நம் பக்கத்தில் பெற்ற தாயையும் "அம்மா வந்துச்சு, அது சாப்ட்டுச்சா" என்றுதானே பேசுகிறோம்? வயசு எனக்கு ஆகிறது, குறட்டை நான் விடுகிறேன், முறைப்பதும் உண்டு. ஹோம் என்றால் எதிர்வீட்டுப் புஷ்பத்தைக் கொண்டுபோய் விட்டார்களே, அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். வேறு என்ன நினைப்பேன், நீயே சொல்.

ஆனால் கெஞ்சுவேனா? நான் அந்தக் காலத்து அஞ்சாவது. அழுதது உன்னிடம் மட்டும்தான். இன்று காலை பட்டுப்புடவை கட்டி, மாத்திரை டப்பாவையும் உன் மாமா போட்டோவையும் பையில் வைத்து, முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன். "நீ எதுக்கும்மா வர?" என்றான். "நான் வராம வேற யார்டா போறது? வண்டிய எடு" என்றேன். திருதிருவென்று விழித்துவிட்டுப் பின்சீட்டில் சுக்கை ஏற்றினான். அதுதான், மாடியில் குடியிருந்தவர்கள் பெங்களூர் போகும்போது துடைப்பம் முதற்கொண்டு ஏற்றிக்கொண்டு, கேட்டிலே கட்டிவிட்டுப் போன கிழட்டு நாய். அவர்கள் வைத்த பேர் சாக்கோவாம். என் வாயில் சுக்கு. என்னை வழியனுப்ப ஒரு நாயாவது வருகிறதே என்று திரும்பி அதன் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அங்கே இறங்கினால் ஒரு கிழவியைக் காணோம். எங்கு பார்த்தாலும் நாய். அங்கே வேலை செய்யும் ஜாஸ்மின் என்ற பெண் வந்து சுக்கை அவிழ்த்து மற்ற நாய்களோடு விட்டுவிட்டு, "வயசு இன்னா இருக்கும்?" என்றாள். "எழுபத்தொண்ணு" என்றேன். "ஐயோ, நாய்க்குக் கேட்டேன் பாட்டி!" என்றாளே, அந்த வார்த்தையில்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ராஜகோபால் என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான், அதில் அவன் அப்பா எட்டிப்பார்ப்பதைப் பார்த்தான். "அம்மா, நீ இன்னா நெனச்சுகினு வந்த?" "சும்மா காத்து வாங்கத்தான்டா." அவன் காருக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினான்.

சந்தோஷத்தில் அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். "சோறு கீது, டாக்டர் கீறாரு, நல்ல எடம்தாம்மா. யார்னா வந்து எடுத்துகினு போவாங்களா?" "குட்டின்னா ஒடனே போயிடும் பாட்டி. வயசானத யாரும் கேக்க மாட்டாங்க. வுட்டுட்டுப் போனவங்க வருவாங்கன்னு அதுங்க கேட்டையே பாத்துகினு கெடக்கும். ரோட்ல வுடறதுக்கு இது தேவலன்னுதான் எடமில்லாட்டியும் சேத்துக்கறோம்" என்றாள். அந்தக் கேட்டைத் திரும்பிப் பார்த்தேன் தம்பி. கொஞ்ச நேரம் முன்னால்வரை அதைப் பார்த்துக்கொண்டு கிடக்கப் போவது நான் என்றல்லவா நினைத்திருந்தேன்! "டேய் சுக்கு, வாடா வூட்டுக்கு!" என்று ஒரு சத்தம் போட்டேன். கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்து காரில் ஏறிப் படுத்துக்கொண்டது. "அது கொலைக்குதுன்னு தெனம் திட்டினதே நீதானம்மா?" என்றான். "நான்கூடத்தான் கொறட்ட வுடறேன். என்னை வூட்ல வெச்சுகினு கீற இல்ல?" என்றேன். வண்டியை எடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் சந்திரிகா, "இந்த ஒரு நாயோட சரி அத்த" என்றாள். நானும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே நீ வரவே வேண்டாம், நிம்மதியாக இரு. என் ஆயுசில் மிச்சம் வைத்ததெல்லாம் உன் பிள்ளைகளுக்குச் சேரட்டும்.

இப்படிக்கு,
சொந்த வீட்டில் குடியிருக்கும் அக்கா,
கிளியம்மாள்

பி.கு.: கடிதத்தை மடித்துவைத்துவிட்டுச் சுக்கைக் குளிப்பாட்டினேன். அழுக்கெல்லாம் போனதும் பார்த்தால் பொட்டை நாய். நம் சுக்கு ஆண். இது அதே நிறத்தில் வேறு ஏதோ கிழடு. நான் கூப்பிட்டதும் யாரையோ நினைத்து ஓடிவந்துவிட்டது. ஓடிவந்ததை எப்படித் திருப்பி அனுப்புவேன்? பேச்சுவாக்கில் என் நம்பரை வாங்கியிருந்த ஜாஸ்மின் வேறு எனக்குப் போன் செய்தாள், நம்முடையது கேட்டருகேதான் கிடக்கிறதாம். நீ சொன்னபடியே திங்கட்கிழமை சாயந்திரம் அவசியம் காரோடு வா. ராஜகோபாலுக்குத் தெரிய வேண்டாம். ஆள் யாரையும் கூட்டிவராதே, பின்சீட்டில் இடம் வேண்டும்.