ஒன்பது கோலும் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியும்

உலகத்தில் உதைபந்தாட்ட முகாமையாளர்கள் பல வகை. தொண்டை கிழியக் கத்துகிறவர்கள், சப்பாத்தைக் கழற்றி எறிகிறவர்கள், நடுவரின் பரம்பரையையே விசாரிக்கிறவர்கள். ஆனால் ஆட்டம் தொடங்கமுன் எதிரணிக்கு வயிறு நிறைய மட்டன் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து, "வடிவாய் விளையாடுங்கோ பிள்ளையள்" என்று முதுகில் தட்டி அனுப்புகிற முகாமையாளர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரை நாங்கள் ஹோம்கிரவுண்ட் அண்ணை என்போம். இயற்பெயர் அவருடைய மனைவிக்காவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அண்ணைக்கு வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற தொழில். குளிர்காலத்தில் வேலை குறைந்துவிடும். ரொறன்ரோவில் குளிர்காலம் வந்தால் பந்தடியும் கூரைக்குக் கீழே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில், வாடகை மண்டபங்களில், அணிக்கு ஐந்து பேர் ஆடுகிற எங்கட ஆக்களின் போட்டித் தொடர் ஒன்று உண்டு. அதன் கடைசிப் பிரிவில், கடைசி இடத்தில், அசையாமல் இருந்த அணி எங்களுடையது. முதலில் ஆடிய பகுதியின் பெயரைச் சேர்த்து 'வெக்ஸ்போர்ட் இடிமுழக்கம்'. அதன் கோல்காப்பாளர் அடியேன். கடைசி இடத்துக்கு என் பங்களிப்பு கணிசமானது.

மண்டபங்களில் கூடைப்பந்து வளையம்தான் இருக்கும். கோல் கம்பம் இராது. அதனால் அண்ணை தண்ணீர்க் குழாய்களை வெட்டிப் பொருத்தி இரண்டு கோல்கள் செய்து, தன் வான் வண்டியின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அங்கே ஏற்றிவைத்திருந்தார். கோல் நம்முடையதென்றால் மைதானமும் நம்முடையது என்பது அவருடைய சட்டம். "இது எங்கட ஹோம்கிரவுண்ட்!" என்று நடுவரிடம் அடித்துப் பேசுவார். மற்ற அணிகளுக்கு அது கோல் எழுதுகிற தாளில் யாருடைய பெயர் முதலில் வருகிறது என்ற சின்ன விஷயம். அதனால் "சரி அண்ணை, நீங்களே வைச்சிருங்கோ" என்று விட்டுக்கொடுத்துவிடுவார்கள். உடனே அண்ணையின் முகம் மலர்ந்துவிடும். பெயின்ற் கறை படிந்த ஜாக்கெட்டோடு வாசலில் நின்று, "வாங்கோ வாங்கோ, குளிருக்குள்ளை நிக்காதேங்கோ" என்று எதிரணியை ஒவ்வொருவராகக் கைபிடித்து உள்ளே கூட்டி வருவார். பார்க்கிறவர்கள் கல்யாண வீடு என்றுதான் நினைப்பார்கள்.

எனக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"அண்ணை, உவங்கள் போன முறை எங்களுக்கு ஆறு கோல் போட்டவங்கள். உவங்களுக்கு இரண்டாம் ரோல்ஸும் குடுக்கிறியளே!"

"அதுக்கு? எங்கட இடத்துக்கு வந்தவனை வெறும் வயித்தோடை விளையாட விடுறதோ?"

"இது எங்கட இடமில்லை அண்ணை. மணித்தியாலத்துக்கு வாடகைக்கு எடுத்த மண்டபம்."

அவர் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "தம்பி, முப்பது வருசமாய் இந்த நாட்டிலை எந்த வாசலுக்குப் போனாலும் நான்தான் வந்த ஆள். பெயின்ற் அடிக்கிற வீடுகளுக்குப் பின்கதவாலைதான் போறனான். ஞாயிற்றுக்கிழமையிலை ஒரு மணித்தியாலம், நான் வாசலிலை நிண்டு 'வாங்கோ' எண்டு சொல்லக்கூடாதோ?"

"சரி சரி, நீ போய்க் கோலைப் பார். உதிலை ஓட்டை பெரிசு" என்று அவரே பேச்சை மாற்றினார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே மண்டபத்தில் நிலைத்திருந்தாரா என்றால், அதுதான் இல்லை. வெக்ஸ்போர்ட் மண்டபத்தில் நாங்கள் தாக்குப்பிடித்தது இரண்டு குளிர்காலம். மூன்றாவது குளிர்காலத்தின் முதல் ஆட்டத்தன்று, சுபகாரியம் என்று சொல்லி, அண்ணை நடுக்கோட்டில் தேங்காய் உடைத்தார். பளபளவென்று மெழுகு பூசிய மரத்தளம். தேங்காய் உடையவில்லை, தளம் உடைந்தது. மண்டபத்தைப் பராமரித்த இத்தாலியக் கிழவர் ஓடிவந்து தலையில் கைவைத்து நின்றார். அண்ணை அவருக்கும் ஒரு ரோல்ஸ் நீட்டினார். கிழவர் அதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு வரவேண்டாம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

மில்லிக்கன் பக்கத்து மண்டபம் ஒன்றுக்குப் போனோம். தேங்காய்க்குத் தடை போட்டோம். அண்ணை தலையாட்டிவிட்டு, கண்ணூறு படாமல் இருக்கக் கோல் கோட்டில் ஒரு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, வைத்துவிட்டார். கோல்காப்பாளனாகிய என்னிடம் இதைச் சொல்ல மறந்துபோனார். பந்து வந்தது, நான் பாய்ந்தேன், கால் தேசிக்காயில் ஏறியது. நான் ஒரு பக்கம், கோல் கம்பம் மறுபக்கம். கம்பம் போய் விழுந்தது சுவரோரத்துக் குடிதண்ணீர்க் குழாயில். அது உடைந்து பீய்ச்சியடித்து, ஐந்து நிமிடத்தில் மண்டபம் வயலாகிவிட்டது. எதிரணி நாற்காலிகளில் ஏறி நின்றது. "பாத்தியே, கோல் விழேல்லை!" என்றார் அண்ணை.

அந்த வாரமே மில்லிக்கனும் எங்களைக் கைகழுவியது. மார்க்கம் நகரில் ஒரு மண்டபம் அகப்பட்டது.

இடம் மாறும்போது மற்ற அணிகள் பெயரை மாற்றும். அண்ணை பழைய பெயரை விடமாட்டார். "விட்டால் வெக்ஸ்போர்ட்காரர் மனம் நோவினம்" என்பார். ஆகவே நாங்கள் 'வெக்ஸ்போர்ட் மில்லிக்கன் மார்க்கம் இடிமுழக்கம்' ஆனோம். சட்டையின் முதுகில் அவ்வளவையும் எழுதியபிறகு இலக்கத்துக்கு இடமில்லை. இலக்கத்தைக் காற்சட்டையில் ஒட்டினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று தடவை ஐந்து பேர் சேராவிட்டால் அணியைத் தொடரிலிருந்து நீக்கிவிடுவார்கள். அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு இரண்டு முடிந்திருந்தது. ஒன்று பனிப்புயல், மற்றது ஒரு கல்யாணவீடு. மார்க்கத்தில் முதல் ஆட்டம் இரண்டு மணிக்கு. அன்று ஆள் குறைந்தால் இடிமுழக்கம் அடங்கியது. அண்ணைக்கு நிற்க வாசல் இல்லை.

ஒரு மணிக்கு மண்டபத்தில் நின்றவர்கள் மூன்று பேர். அண்ணை, நான், இரண்டு தெரு தள்ளி வசிக்கிற எங்கள் கப்டன் தவம்.

மற்றவர்கள் எங்கே? காரணம் அண்ணையின் வாட்ஸ்அப். அவருக்கு எழுத வராது, குரல்தான் அனுப்புவார். நாலு நிமிடம். "பிள்ளையள், எல்லாரும் சுகமோ? தவம், அம்மான்ரை முழங்கால் எப்பிடி? குளிருக்குத் தொப்பி போடாமல் திரியாதேங்கோ..." என்று ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போய்வந்து, மூன்றே முக்கால் நிமிடத்துக்குப் பிறகுதான் மண்டபத்தின் விலாசம் வரும். அதுவரை கேட்பவன் எவன்? நானும் கேட்டதில்லை. அவர் அதைப் பதிவுசெய்தபோது பக்கத்தில் இருந்தபடியால் தப்பினேன்.

தொலைபேசியில் விசாரித்தோம். எங்கள் அணியின் இரட்டையர் இருவரும் மில்லிக்கன் வாசலில், பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு. கல்கரியில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த ரூபன் வெக்ஸ்போர்ட்டில், இத்தாலியக் கிழவரோடு கதைத்துக்கொண்டு. எவனிடமும் கார் இல்லை, இறக்கிவிட்டவர்கள் போய்விட்டார்கள்.

"தவம், நீ நிண்டு கோலைப் பூட்டு. நடுவரைக் கதையிலை வைச்சிரு" என்றார் அண்ணை. கோல்களை இறக்கிப் போட்டுவிட்டு, வழிநெடுகத் தொலைபேசியில் அவர்களைப் பிடித்துவைக்க என்னை வானில் ஏற்றினார். வெக்ஸ்போர்ட்டுக்குப் பறந்து ரூபனை அள்ளினோம். வடக்கே திரும்பி மில்லிக்கனில் நின்றோம். இரட்டையர் ஓடிவந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது: வானில் மிஞ்சியிருப்பது நாலு இருக்கை. நாங்கள் ஐந்து பேர்.

"நான் பின்னாலை தரையிலை இருக்கிறன் அண்ணை" என்றான் ரூபன்.

"விசர்க் கதை கதையாதை! பெல்ற் இல்லாமல் ஒருத்தரும் என்ரை வானிலை வரேலாது." சாவியை என் கையில் திணித்துவிட்டு இறங்கினார். "நீ ஓட்டு. நான் பஸ்ஸிலை வாறன்."

"அண்ணை, நீங்கள் இல்லாமல்..."

"நான் என்ன கோலா அடிக்கப் போறன்? கெதியாப் போ! மெய்யே, வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடு. நான் இல்லையெண்டு விட்டிடாதை."

பனி கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பஸ் தரிப்பில் நின்று, போ போ என்று கையாட்டிக்கொண்டிருந்தார்.

சரியாக இரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்க ஓடிப்போய் நின்றோம். ஐந்து பேர். நடுவர் எண்ணிப் பார்த்து விசில் அடித்தார். அணி பிழைத்தது. அதன் பிறகு நடந்ததை விவரிக்க விருப்பமில்லை. ஒன்பதுக்கு ஒன்று. அந்த ஒன்றும் எதிரணிக்காரன் தவறித் தன் கோலுக்குள்ளேயே அடித்தது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் பையைத் தோளில் மாட்டி வாசலுக்கு வந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணை வந்தார். தொப்பியெல்லாம் பனி. ஞாயிற்றுக்கிழமை பஸ் அவரைக் கைவிட்டிருந்தது. பாதி வழி நடந்திருக்கிறார். கோல் கணக்கைக் கேட்கவில்லை.

"ஐந்து பேர் சேந்ததோ?"

"ஓம் அண்ணை."

"தேத்தண்ணி குடுத்தனியோ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெட்டியும் பிளாஸ்க்கும் வானிலேயே கிடந்தன. "நேரம் காணேல்லை அண்ணை" என்றேன். அவர் முகம் விழுந்துபோனது. ஒன்பது கோலுக்கும் விழாத முகம். எதிரணியைப் பார்த்து, "குறை நினையாதேங்கோ தம்பியவை" என்றார்.

எதிரணிக் கப்டன் இங்கே பிறந்த பெடியன். தோளில் இருந்த பையை மெல்ல இறக்கித் தரையில் வைத்தான்.

"என்ன அண்ணை, நாங்கள் எங்கை போறம்? தேத்தண்ணிக்குத்தான் வெயிற்றிங். நோ ரஷ்" என்று சொல்லி சுவரோரத்து நீள வாங்கில் உட்கார்ந்தான். ஒருவர் பின் ஒருவராக அவனுடைய ஆட்களும் பையை இறக்கினார்கள்.

நான் வானுக்கு ஓடிப் பெட்டியையும் பிளாஸ்க்கையும் தூக்கி வந்தேன். அண்ணை வாசலில் போய் நின்றார். உள்ளே நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். "வாங்கோ, வாங்கோ" என்றார், அவர்கள் ஒரு மணித்தியாலமாக அங்கேதான் நிற்கிறார்கள் என்பதை மறந்துபோய். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. ரோல்ஸ் கல்லாகியிருந்தது. ஒரு துண்டு மிஞ்சவில்லை.

இந்தக் குளிர்காலம் மார்க்கம் மண்டபமும் போய்விட்டது. காரணம் கேட்காதீர்கள், பூசணிக்காய். புது இடத்தின் விலாசம் நேற்று வந்தது, வழக்கமான நாலு நிமிடத்தின் கடைசியில். விலாசம் தவம் சொல்லி எனக்கு முன்னமே தெரியும். என்றாலும் முதலிலிருந்து முழுவதையும் கேட்டேன். தொப்பி போடச் சொன்ன இடத்தை இன்னொருக்காவும் கேட்டேன்.