மாந்தோப்புக்கு வந்த ஈக்கட்டுச் சித்தர்

அந்த ஆனி மாதம் குற்றாலத்தில் அருவியைவிட ஒரு லாட்ஜில்தான் கூட்டம் அதிகம். மெயினருவியில் குளிக்க வந்தவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டே அங்கே போய் வரிசையில் நின்றார்கள். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, செங்கோட்டை என்று தோப்பு வைத்திருந்தவர்கள் எல்லாம் வேன் பிடித்து வந்தார்கள். மாடியில் குடியிருந்தவர் ஈக்கட்டுச் சித்தர்.

மலை பக்கத்திலேயே இருக்கும்போது சித்தர் ஏன் குகையில் தங்காமல் லாட்ஜில் தங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. குகையில் வெந்நீர்க் குழாய் கிடையாது. ஞானிக்கு இது தெரியாமல் இருக்குமா?

வாய்க்கட்டு, பேய்க்கட்டு எல்லாம் நம் மக்கள் கேள்விப்பட்டதுதான். இவர் ஈயைக் கட்டினார். மாம்பழத்தைத் துளைத்துப் புழு வைக்கிற ஈ. சித்தர் தோப்புக்கு வருவார். மூன்று செங்கல் அடுக்கி அதன்மேல் தண்ணீர் ஊற்றிய செப்புக்குடத்தை வைப்பார். தோளில் கிடக்கும் காவித் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார். பிறகு குடத்தின் உள்வாயைக் கையால் ஒரு சுற்றுத் தடவுவார். கொஞ்ச நேரத்தில் மரமெல்லாம் இருந்த ஈ குடத்தை நோக்கி வரும். உள்ளே போனது வெளியே வராது. இதை எத்தனையோ செல்போன்கள் படம் பிடித்து, எத்தனையோ வாட்ஸ்அப் குழுக்கள் ஊரெல்லாம் பரப்பிவிட்டன. குற்றாலத்தில் பழக்கடை வைத்திருந்த ஸ்டான்லிகூட வந்தார். வாங்கிப் போன பழத்தில் புழு நெளிகிறதென்று அவர் கடையில் தினமும் சண்டை. பாஸ்டர் கண்ணில் படாத மாதிரி கடைசி வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

குடத்துத் தண்ணீரைத் தீர்த்தமாகக் கேட்டவர்களுக்குச் சித்தர் ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை. அதன் சக்தியை மனித உடம்பு தாங்காது என்றார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

சிவகிரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் பால்வண்ணநாதனுக்கு நீலம் மாந்தோப்பு இருந்தது. பி.காம். படித்தவர். செல்போன் வாங்குவதென்றால் நான்கு கடை ஏறி இறங்குவார். சித்தர் விஷயத்தில் அந்தச் சிரமமெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு வீடியோ போதுமானதாக இருந்தது.

தோப்புக்கு வந்த சித்தர் கண்ணை மூடி, ஒவ்வோர் ஈயும் ஒரு பொறாமைக் கண் என்று அருளினார். பால்வண்ணநாதன் அன்றைக்கே வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சொந்த அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டார். இதில் அவர் மனைவி உமாராணிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"உங்க அண்ணாச்சிக்கு ரெண்டு கண்ணுதான இருக்கு. குடத்துல அள்ள அள்ள வருதே, மிச்சமெல்லாம் யாரு கண்ணு?"

"ஏட்டி, சாமி விஷயத்துல கணக்குப் பாக்காத" என்று பால்வண்ணநாதன் அடக்கிவிட்டார்.

சித்தர் இன்னொன்றும் சொன்னார். மரத்தடியில் விழுந்த பழத்தில் தோஷம் இறங்கியிருக்கிறது, அதைத் தொட்ட கை விளங்காது. விழுந்தது விழுந்தபடி கிடக்கவேண்டும். அவ்வளவுதான், தோப்பில் பொறுக்குகிற வேலை நின்றுபோனது. பால்வண்ணநாதன் ஒருபடி மேலே போய், விழுந்து அழுகின பழத்தைச் சுற்றி மஞ்சளும் குங்குமமும் தூவினார். மரத்தில் இருக்கிற பழத்துக்கு இல்லாத மரியாதை தரையில் கிடந்த புழுப் பழத்துக்குக் கிடைத்தது.

ஒவ்வொரு பூசைக்கும் குடத்தில் ஈ கூடிக்கொண்டே போனது. சித்தருக்குச் சக்தி ஏறுகிறது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தோப்பில் ஈ கூடியிருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காய்ச்சல் பார்க்கிற கருவியில் சூடு ஏற ஏற, கருவிக்கு அருள் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

இதோடு நின்றிருந்தால் ஒரு வருஷத்து விளைச்சல் போயிற்றென்று உமாராணி மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். சித்தருக்குத் தோப்பின் மேல்பகுதியில் பீடம் அமைக்கவேண்டும் என்று கனவு வந்துவிட்டது. கனவு சரியாகக் கிணறு இருக்கிற இடமாகப் பார்த்து வந்திருந்தது. சித்தர் தோப்பில் வைக்கப்போகிற பெரிய பூசை முடிந்த மறுநாள் தென்காசிக்குப் போய்ப் பத்திரம் பதிந்து கொடுப்பதாகப் பால்வண்ணநாதன் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கிணற்றுத் தண்ணீர் இல்லையென்றால் கீழே இருக்கிற மரமெல்லாம் விறகு. உமாராணி கல்யாணமாகி வந்த புதிதில் தண்ணீர் சுமந்து வளர்த்த கன்றுகள் அவை. சொல்லிப் பார்த்தாள், சண்டை போட்டாள், இரண்டு வேளை சமைக்காமலும் இருந்து பார்த்தாள். பால்வண்ணநாதன் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்து, உன்மேலும் கண் பட்டிருக்கிறது என்றார். அன்றைக்கு அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

சித்தர் ஒருநாள் காலை பம்புசெட்டில் குளித்தார். துண்டை ஒரு கொய்யாக் கிளையில் போட்டிருந்தார். உமாராணி தற்செயலாக அந்தப் பக்கம் போனவள் நின்றுவிட்டாள். துண்டின் நுனியில் ஒரு முடிச்சு. முடிச்சு தெரியாத அளவுக்கு அதன்மேல் ஈ மொய்த்திருந்தது. பக்கத்தில் காய்ந்த வேட்டியில் ஒன்றுகூட இல்லை. கிராம்பு மாதிரி ஒரு வாசனை அடித்தது. மந்திரம் சொல்ல வேண்டியவரோ தொட்டிக்குள் சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

அவள் நேராக மரத்தடிக்குப் போனாள். தொட்டால் விளங்காது என்ற பழங்களில் நாலைந்தைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு தென்காசிக்கு பஸ் ஏறினாள். கை நன்றாகத்தான் இருந்தது. டிக்கெட்டுகூட அந்தக் கையால்தான் வாங்கினாள்.

தோட்டக்கலை அலுவலர் ஸ்ரீவித்யா மேசையில் ஒரு பழத்தை வெட்டியதும் உள்ளே இருந்த புழு துள்ளி அவர் பைல்மேல் விழுந்தது. துண்டு, முடிச்சு, வாசனை என்று உமாராணி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஸ்ரீவித்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தானே பெரிய பூசைக்கு வந்து கூட்டத்துக்கு விளக்கிச் சொல்வதாகச் சொன்னார்.

"வாங்க மேடம். ஆனா நான் கூப்பிடுத வரைக்கும் வாயத் திறக்காதிய" என்றாள் உமாராணி. "நீங்க மொதல்ல பேசுனா, படிச்ச திமிருன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. அவங்க கண்ணால பாக்கட்டும்."

பெரிய பூசை அன்று தோப்பு நிறைந்துவிட்டது. வெயில் ஏறுகிற காலை நேரம், சாரல் இல்லை. மழை பெய்தால் சித்தர் பூசை வைக்கமாட்டார், ஈயும் பறக்காது. இரண்டுக்கும் அப்படி ஓர் ஒற்றுமை.

சித்தர் காரை விட்டு இறங்கியதும் உமாராணி எல்லார் முன்னிலையிலும் காலில் விழுந்தாள். பால்வண்ணநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய பூசைக்கு முன்னால் சாமிக்கு எண்ணெய்க் குளியலும் புதுத் துணியும் கொடுத்து மரியாதை செய்யவேண்டும், குற்றாலத்திலிருந்து எண்ணெய் தேய்க்க ஆளும் வந்திருக்கிறது என்று அவள் சொல்ல, கூட்டம் ஆகா என்றது. சித்தருக்கு வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. துண்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

"இது குருநாதர் குடுத்ததும்மா. இது மட்டும் தோள்ல இருக்கட்டும்."

"குருநாதர் துண்டுல எண்ணெய் படலாமா சாமி? நான் பத்திரமா வைக்கேன்" என்று உமாராணி பயபக்தியோடு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பத்திரமாகத்தான் வைத்தாள். தோப்பின் எல்லையில், முழியை உருட்டிக்கொண்டு நாக்கை நீட்டி நின்ற திருஷ்டிப் பொம்மையின் தோளில் அழகாகப் போட்டுவிட்டாள். எண்ணெய் தேய்க்கிறவர் சித்தரை உச்சந்தலையிலிருந்து விரல் இடுக்கு வரை சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டார். செப்புக்குடத்தைப் புளி போட்டு விளக்க எடுத்துப் போய்விட்டார்கள். அதன் இடத்தில் கடையிலிருந்து அன்றைக்குத்தான் வந்த சில்வர் குடம், நிறையக் கிணற்றுத் தண்ணீர்.

புது வேட்டி, புதுத் துண்டோடு சித்தர் உட்கார்ந்தார். முணுமுணுத்தார். குடத்தைத் தடவினார். ஈ வரவில்லை. குரலை உயர்த்தினார். வரவில்லை. எழுந்து நின்று கையை விரித்து மேற்கே மலையைப் பார்த்துக் கூப்பிட்டார். ஒரே ஓர் ஈ வந்து அவர் மூக்கில் உட்கார்ந்தது. அது வீட்டு ஈ, காபி டம்ளரைத் தேடி வந்தது. கூட்டத்தில் யாருக்கோ தீட்டுப் பட்டிருக்கிறது என்று சித்தர் சொல்லவும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசி வரிசையில் ஒதுங்கி நின்ற ஸ்டான்லிதான் முதலில் பார்த்தார். "அங்கன பாருங்க" என்று கையை நீட்டினார்.

திருஷ்டிப் பொம்மையின் தோள் கறுத்துப் போயிருந்தது. தோப்பிலிருந்த ஈயெல்லாம் அந்தத் துண்டில்தான் இருந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. சரி, இப்போது புரிந்துவிடும் என்று உமாராணி நினைத்தாள். நம் ஆட்களை அவளுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. சிவசைலம் என்று ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர், கண்ணில் நீர் வழிய, "துண்டே பூசை பண்ணுதுய்யா" என்று பொம்மையின் காலில் விழுந்தார். இன்னொருவர் கற்பூரம் ஏற்றினார். ஒருவர் தேங்காயும் உடைத்துவிட்டார். இருந்த சாமியாரை ஒழிக்கப்போய் புதிதாக ஒரு சாமியை உண்டாக்கிவிட்டோமே என்று உமாராணிக்குத் தலை சுற்றியது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் துண்டை உதறி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கொஞ்சம் பஞ்சும் சின்ன பாட்டிலும் இருந்தன. நேராகப் புருஷனிடம் வந்தாள்.

"செருப்பக் கழட்டுங்க."

ஏன் என்று கேட்கிற நிலையில் பால்வண்ணநாதன் இல்லை. கழற்றினார். உமாராணி பஞ்சால் அதன்மேல் ஒரு தடவு தடவி, செங்கலில் இருந்த குடத்தை இறக்கிவிட்டு அந்த இடத்தில் செருப்பை வைத்தாள். பிறகு எட்டிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஒன்று வந்தது. பிறகு நாலைந்து. பிறகு செருப்பின் வார் தெரியவில்லை.

"எங்க வீட்டுக்காரர் செருப்பு ஒரு மந்திரமும் சொல்லல. எல்லாரும் நல்லா பாத்துக்கிட்டியளா?"

பாதரட்சைக்கும் ஒரு சக்தி உண்டு என்று சித்தர் ஆரம்பித்தார். அதற்குமேல் சொல்ல முடியவில்லை. முதலில் ஸ்டான்லி சிரித்தார், அப்புறம் தோப்பே சிரித்தது. சிவசைலம் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது என்றார்.

உமாராணி கூப்பிட்ட பிறகுதான் ஸ்ரீவித்யா பேசினார். இது ஆண் ஈயை இழுக்கிற வாசனை மருந்து, கடையில் கிடைக்கிறது. தோப்பில் பூச்சி எவ்வளவு இருக்கிறதென்று தெரிந்துகொள்ளப் பொறியில் வைத்துக் கட்டுவது. குடத்து ஈ சாவதற்கு ஒரு சொட்டுப் பூச்சிமருந்து. பழத்தைக் குத்தி முட்டை வைக்கிற பெண் ஈ ஒன்றுகூட அந்தக் குடத்துக்கு வந்ததில்லை, அது தன் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவர் மஞ்சள் குங்குமத்தோடு கிடந்த ஒரு பழத்தைப் பிளந்து காட்டினார். புழுக்கள் துள்ளி மண்ணில் விழுந்து உள்ளே இறங்கின.

"இதுதான் மண்ணுக்குள்ள கூடு கட்டி, ஈயா வெளிய வருது. விழுந்த பழத்தைப் பொறுக்கி அழிக்காம விட்டா அடுத்தடுத்து இப்படித்தான் பெருகும். நீங்க மஞ்சள் குங்குமம் போட்டு வளத்திருக்கீங்க."

பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று எழுதியிருந்தது. அச்சடித்தவர்கள் பெரியவர்களை மறந்துவிட்டார்கள்.

சித்தரின் பெயர் உச்சிமாகாளி என்பதும், உரக்கடையில் வேலை பார்த்தவர் என்பதும் அவர் வாயாலேயே வந்தது. ஒருநாள் கடையில் இந்த மருந்து சட்டையில் கொட்டிவிட்டதாம், வெளியே போனால் மேலெல்லாம் ஈயாம்.

"அதப் பாத்து ஒரு பெரியவரு கும்பிட்டுட்டாரு மேடம்" என்றார் அவர். "நான் ஒண்ணுமே சொல்லல. அவராத்தான் கும்பிட்டாரு. அதுக்கப்புறம் நான் என்ன செய்ய?"

அதற்குள் யாரோ போன் செய்து போலீஸ் வந்துவிட்டது. போலீஸ் ஜீப்பில் ஏறும்போது உச்சிமாகாளி பழக்க தோஷத்தில் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். அதற்கும் இரண்டு பேர் குனிந்தார்கள்.

மறுநாள் பால்வண்ணநாதன் தென்காசிக்குப் போகவில்லை. கூடையோடு மரத்தடியில் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வந்து குனிந்தார். ஸ்ரீவித்யா ஆட்களோடு வந்து பொறி கட்டக் கற்றுக்கொடுத்தார். சுற்று வட்டாரமெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தது. சிவசைலம் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து, மேடம், இதைக் கட்ட நல்ல நேரம் எது, எந்தத் திசையைப் பார்த்துக் கட்டினால் விசேஷம் என்று கேட்டார்.

ஸ்ரீவித்யா திகைத்துப்போய் உமாராணியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

"சார், வாசன வந்த பக்கம் போயி உள்ள விழுந்துச்சே அம்புட்டு ஈ. எதுக்குப் போறோம்னு அதுல ஒண்ணாவது யோசிச்சுதா? அதுக்கு யோசிக்கத் தெரியாது. உங்களுக்கு என்ன கேடு?"