மிஸ் வைத்த நிறைகுடம்

பேராசிரியர் மெடத்தை ஹந்தானைக்குக் கூட்டிப்போய், எங்கள் டெங்கு ஆய்வின் சமூகப் பங்காளர்களைக் காட்டிவிட்டுக் கூட்டிவர வேண்டும். அன்றைய வேலை அவ்வளவுதான்.

நான் ஆய்வு உதவியாளர். அந்த மாதத்தோடு முடிகிற பதவி. மெடம் தலையாட்டினால் நீளும்.

சமூகப் பங்காளர் என்றால் தேயிலைத் தோட்டத்து லயத்து மக்கள். அவர்களை ஆராயக் கூடாது, அவர்களோடு சேர்ந்து ஆராய வேண்டும். முடிவெல்லாம் அவர்களே எடுப்பார்கள். இதை நான்தான் வகுப்பெடுத்துச் சொன்னேன். என்ன முடிவெடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

முந்தைய வாரமே மெடம் வருவதாக இருந்தது. வாசிகசாலை வாசலில் நிறைகுடம், மாவிலை, தேங்காய் எல்லாம் வைத்தாயிற்று. கடைசி நேரத்தில் போன் வந்தது. “இண்டைக்கு ஏலாது. அடுத்த கிழமை வாறன்.”

குடத்துத் தண்ணீரைக் கீழே ஊற்றப் போன புஷ்பம் அக்காவைத் தடுத்தேன். அவர்தான் பங்காளர் குழுத் தலைவி.

“இருக்கட்டும் அக்கா. எதுக்கு ரெண்டு வேலை?”

“தேங்காயயாவது எடுத்துக்கிறேன் மிஸ். சம்பலுக்கு ஆகும்.”

ஒரு முடிவாவது அவர்கள் எடுக்கட்டுமே என்று விட்டேன்.

இந்த வாரம் மெடம் உண்மையாகவே வந்தார். அதே குடத்தின் மேல் புதுத் தேங்காய். சந்தனம், குங்குமம், மாலை. மெடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“நுளம்புக் குடம்பி எங்கயெல்லாம் இருக்கெண்டு நீங்களே காட்டுங்கோ. நான் பின்னால வாறன்.”

டெங்கு நுளம்பின் புழுக்களைத் தேடி டோர்ச்சோடு கிளம்பினோம்.

முதல் வீட்டு வாளி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுப் பீப்பாயைத் தேய்த்துக் காயவைத்திருந்தார்கள். பழைய டயர்களைக் காணோம். ஒரு சிரட்டைகூட நிமிர்ந்து கிடக்கவில்லை!

இன்னொரு பங்காளரான ஆட்டோ சிவலிங்கம் அண்ணனின் காதைக் கடித்தேன். “என்ன அண்ணே இது?”

“பெரிய மனுசி வாராங்கல்ல மிஸ்? தீவாளிக்குக்கூட நாங்க இப்புடிக் கழுவுனதில்ல!”

மெடம் நின்றுவிட்டார்.

“இஞ்ச ஒண்டும் இல்லையே. பிறகு என்னத்தை ஆராயிறது? குண்டசாலைப் பக்கம் மாத்துவமோ?”

மாற்றினால் என் பதவி போச்சு. குண்டசாலைக்கு வேறொரு உதவியாளர் தயாராக இருக்கிறார். மெடத்தின் செல்ல மாணவி.

புஷ்பம் அக்காவை ஓரமாக இழுத்துப்போய்க் கெஞ்சினேன். “அக்கா, எங்கயாவது ஒரே ஒரு புழு கிடைக்குமா?”

டெங்கு ஒழிப்பில் இப்படிக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

“நீங்கதானே மிஸ் ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னீங்க?”

“அது வேற அக்கா!”

“இப்ப இருக்கணுமா, இருக்கக் கூடாதா? ஒண்ணச் சொல்லுங்க!”

வாசிகசாலைக்குத் திரும்பினோம். மெடம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் சிவலிங்கம் அண்ணன் நிறைகுடத்தின் முன்னால் நின்றார்.

“மிஸ், தண்ணி நிக்கிற எதையும் விடக் கூடாதுன்னீங்கல்ல?”

“அண்ணே, அது சாமி காரியம்...”

தேங்காயைத் தூக்கிவிட்டார். டோர்ச்சை அடித்தார்.

“ஆத்தே! என்னா ஆட்டம் ஆடுதுங்க!”

எல்லாரும் குனிந்து பார்த்தோம். மாவிலைக்குக் கீழே தேர்த்திருவிழா.

மெடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “ஆர் இந்தத் தண்ணிய ஒரு கிழமையா வச்சிருந்தது?”

“மிஸ்தான்!”

கூட்டத்துக்கு நாள் குறிப்பதில்கூட ஒத்துப்போகாத பங்காளர் குழு, முதன்முறையாக ஏகமனதாக வாய் திறந்தது.

“நாங்க ஊத்தத்தான் போனோம் மெடம். மிஸ் விடல,” என்றார் புஷ்பம் அக்கா. “அவங்க வளத்ததுங்க.”

மெடம் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு சின்னப் போத்தலில் குடம்பிகளை எடுத்து மூடினார்.

“இதைவிட நல்ல இடம் எங்க கிடைக்கும்? வரவேற்பிலயே நுளம்பு வளக்கிறியள்! இஞ்சயே செய்வம்.”

ஆய்வு ஹந்தானையிலேயே நின்றது. என் பதவியும் நீண்டது. அறிவைப் பார்த்து நீட்டியதாக யாரும் சொல்லவில்லை.

நேற்று புஷ்பம் அக்கா போனில் அழைத்தார்.

“மெடம் திரும்ப வாராங்களாமே மிஸ்? இந்தத் தடவ நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதீங்க. குழு கூடி முடிவெடுத்துட்டோம். வீட்டுக்கு ஒரு குடம் வச்சாச்சு.”