ஐ.ஜி.யின் நாற்பத்தோரு வண்டிகள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே அதிகமான போலீஸ் வண்டிகளை வைத்திருந்தவர் யார் என்று கேட்டால், எங்கள் தெருத் தையற்காரர் ஐ.ஜி. என்றுதான் சொல்வேன்.

போலீஸ்காரர்களுக்குக் காக்கி தைத்துத் தைத்தே வந்த பட்டப்பெயர் அது. தையல் மெஷினுக்கு மேலே கண்ணாடி அலமாரி. அதில் அந்தக் காலத்து ஜீப்பு, வேன், பக்கத்தில் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள் என்று நாற்பத்தோரு வண்டிகள். எல்லாம் வார்ப்பு உலோகம், உள்ளங்கையில் அடங்கும். அளவு கொடுக்க வந்த ஏட்டு ஒருவர், "இன்னாய்யா, இந்த வயசுல பொம்ம வெச்சிக்கினு?" என்றார்.

"பொம்ம இல்லீங்க. ரிட்டையர் ஆன வண்டிங்க" என்றார் ஐ.ஜி., முகம் சிவந்து. அந்த ஏட்டின் பேன்ட் இடுப்பில் ஒரு இன்ச் கம்மியாகவே வந்தது.

ஒருமுறை அவரோடு கல்வராயன் மலைக்குப் பஸ்ஸில் போனேன். ஒவ்வொரு வளைவிலும் சட்டைப்பையிலிருந்து ஒரு ஜீப்பை எடுத்து ஜன்னல் கம்பியில் ஓட்டினார். "உள்ளயே வெச்சிக்கினு இருந்தா இஞ்சின் சோம்பேறி ஆயிடும் சார்." பஸ்ஸே எங்களைப் பார்த்தது. நான் தூங்குவது போல் நடித்தேன்.

ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிக்கும் பொட்டு வைப்பார். எலுமிச்சம்பழம் வைத்தால் வண்டியே மறைந்துவிடும் என்று சக்கரத்தடியில் சுண்டைக்காய் வைத்து நசுக்குவார். போன வருஷம் அதைப் பார்த்துத்தான் என் புத்தி கெட்டது. மறுநாள் காலை, அவருக்குத் தெரியாத நம்பரிலிருந்து குரலை மாற்றிப் பேசினேன்.

"ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். சொந்த வண்டில போலீஸ்னு எழுதி வெச்சிருக்கறது குத்தம். சாயங்காலம் செக்கிங் வருவோம்."

சாயங்காலம் சிரித்துக்கொண்டே கடைக்குப் போனேன். தையல் பிரிக்கும் பிளேடால் கடைசி வண்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தோரு வண்டியிலும் எழுத்து போயிருந்தது. மேஜையெல்லாம் பெயின்ட் தூள்.

"இன்னா ஐ.ஜி. இது?"

"கேஸு ஆயிடுமாம் சார். நீங்க வாங்கிக் குட்த்த நீல வேனத்தான் மொதல்ல சொரண்டினேன். யாரு குட்த்ததுன்னு கேட்டா உங்க பேரு வந்துடுமில்ல?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "நல்ல வேலை பண்ணீங்க" என்றேன். அவர் வாங்கித் தந்த டீயையும் குடித்தேன். செக்கிங்குக்கு யாரும் வரவில்லை. "நீங்க கூட இருந்தீங்க, அதான் சார்" என்று எனக்கே நன்றி சொன்னார். இதைவிடக் கேவலமாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

ஐ.ஜி., அந்தப் போன் பண்ணியது நான்தான். நேரில் சொல்ல முகமில்லாமல் பத்திரிகையில் எழுதுகிறேன். வாய் நிறையத் திட்டுங்கள். கடைப்பக்கம் வராதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.